காலில்தானே வியாதி

எங்கள் குடும்பத்தில் பெருமை பேசுவதற்கென்று இருந்தது ஒரே ஒரு சொத்துதான். அது சித்தப்பாவின் முதுகு. நிலம் இருந்த காலத்தில் நிலத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். முடிச்சூரில் எங்களுக்கிருந்த வயலெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் அபார்ட்மெண்டாகி, அந்த அபார்ட்மெண்டுகளுக்கு சிமெண்டும் ஜல்லியும் விற்கிற கடையை அப்பாவும் சித்தப்பாவும் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜல்லி விற்பதில் பெருமையடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால் முதுகைப் பிடித்துக்கொண்டோம்.

ஆடி மாதம் ஏரிக்கரை அம்மன் கோயில் திருவிழாவில் சித்தப்பா செடல் போடுவார். முதுகுத் தோலில் வரிசையாகக் கொக்கிகளைக் குத்தி, கொக்கிகளில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வண்டியில் முடிந்து, அந்த வண்டியை இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதுதான் செடல். வண்டி வேறு எங்கும் வாடகைக்கு எடுத்ததல்ல. எங்கள் கடையில் மூட்டை ஏற்றுகிற குட்டி யானை வேன்தான். அன்று மட்டும் அதைக் கழுவி, வேப்பிலையும் வாழைமரமும் கட்டி, பின்னால் அம்மன் படத்தை வைத்திருப்பார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சித்தப்பா இழுப்பார். நான் கூடவே ஓடுவேன்.

ஒரு சொட்டு ரத்தம் வராது. கொக்கியைக் கழற்றி மஞ்சளையும் விபூதியையும் அப்பிவிட்டால் அத்தோடு சரி, மறுநாள் காலையில் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். சாமியெல்லாம் சும்மா என்று பேசுகிற ஆள் யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், அப்பா, “டேய், சட்டையைக் கழட்டிக் காட்டுடா” என்பார். சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி நிற்பார். வந்தவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொசு கடித்த அளவுக்குக்கூட இல்லாத தடங்களைத் தேடிக்கொண்டிருப்பார். அம்மன் இருக்கிறாள் என்பதற்கு எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சித்தப்பா பெரிய கிண்டல்காரர். காலையில் என்னை பைக்கில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவர்தான். கேட் வரைக்கும் ஒழுங்காக வருவார். நான் இறங்கிப் பையை மாட்டிக்கொண்டதும் குனிந்து, ரொம்பவும் கவலையான முகத்தோடு, “பாப்பா, வூட்டுக்குப் போயிடலாமா?” என்று கேட்பார். நான், “போங்க சித்தப்பா” என்று அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டுவிட்டு உள்ளே ஓடுவேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். பரீட்சை நாளில்கூட இதை விடமாட்டார். ஒருநாள் தலைமை ஆசிரியை கேட்டுவிட்டு, பிள்ளையைக் கெடுக்காதீங்க சார் என்று கண்டித்தார். அப்புறம் அந்த டீச்சர் கேட்டருகில் நிற்காத நாளாகப் பார்த்துச் சித்தப்பா கேட்டார்.

அந்தப் பெருவெள்ளம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. கீழ்வீடு முழுகி, நாங்கள் மொட்டைமாடியில் கிடந்து, தண்ணீர் வடிந்து இறங்கி வந்தபோது வீடெங்கும் முழங்கால் உயரத்துக்குச் சேறு. தெருவில் பாதி வீடுகள் காலி. காலி வீடுகளில் திருடன் புகுகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தெருப் பையன்கள் தடி எடுத்துக்கொண்டு காவலுக்குத் திரண்டார்கள். தலைவர் சித்தப்பாதான். ஒருவர் மூட்டையோடு மாட்டினார். மாட்டியவரை நன்றாகவே அடித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், பக்கத்துத் தெருவில் தன் சொந்த வீட்டிலிருந்து தன் அம்மாவின் புடவைகளைக் காயப்போட எடுத்துப்போன மனுஷர். சித்தப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டுபோய் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திருடன் எவனும் கடைசிவரை வரவில்லை.

அந்தச் சேற்றிலிருந்து துருப்பிடித்த பீரோவை வெளியே இழுக்கும்போதுதான் அதன் முனை சித்தப்பாவின் முழங்காலுக்குக் கீழே கீறியது. கீறல்தான். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில நாளில் அந்த இடத்தில் சீழ் கோத்த ஒரு பரு. அது உடைந்து ஒரு ரூபாய் அளவு புண். பொங்கலுக்குள் அது என் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. புண்ணைச் சுற்றி நாவல்பழக் கறை மாதிரி ஒரு கரை. அந்தக் கரைதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது.

வலி பொறுக்க முடியாத வலி. போர்வை பட்டாலே அலறினார். செடல் போட்டு வண்டி இழுத்த ஆள் போர்வைக்கு அழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் நடிக்கிறார் என்றுகூடக் கொஞ்சநாள் நினைத்தேன்.

வெள்ளத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் எல்லாரும். சாக்கடையும் ஏரியும் கலந்த தண்ணீர், சும்மா விடுமா? தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். அங்கே புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கெட்ட சதை என்று வெட்டி எடுத்தார்கள். வெட்டின இடத்துக்கு அப்பால் மறுபடி அந்த நாவல்பழக் கரை. மறுபடியும் வெட்டினார்கள். வீட்டில் சித்தியின் சுத்தம் அதைவிடக் கடுமை. துணியை வேகவைத்துக் காயவைப்பாள். கொஞ்சம்கூட அழுக்குத் தங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பாள். அவர் கத்துவார். அவள் அழுதுகொண்டே துடைப்பாள்.

கடைசியில் அந்த டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். சித்தி அதைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். நேராக வராந்தாக் குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவி, கிழக்குப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

“அக்கா, கால மட்டும் வுட்டுடு தாயே, ஆடிக்கு அவரு ரெண்டு மடங்கு செடல் போட்டு உன் வண்டிய இழுப்பாருன்னு சொல்லிட்டேன்.”

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

காலை எடுப்பதற்கு முன் இன்னொரு இடத்தில் காட்டிவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். அங்கே ஒரு தோல் டாக்டர். சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டிருந்தார். புண்ணின் ஓரத்தை மட்டும் ரொம்பநேரம் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இதில் கிருமி எதுவும் இல்லை. உடம்புக்குக் காவலாக ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவர் உடம்பில் ஒரு கீறல் பட்டால் அதுகள் திருடன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கூட்டமாக அந்தத் தோலுக்குள் புகுந்துவிடுகின்றன. திருடன் இல்லை. அதனால் வீட்டையே அடித்து நொறுக்குகின்றன.

சித்தப்பா சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. “எங்க தெரு பசங்க மாதிரியே கீது மேடம்” என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நீங்கள் எவ்வளவு சுரண்டினீர்களோ அவ்வளவும் அதுகளுக்குப் புதுக் கீறல்தான், அதனால்தான் பெரிதாகிக்கொண்டே போனது என்றார். சித்தி தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். காலை எடுக்கவே வேண்டாம், மாத்திரையில் ஆறிவிடும் என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இனி ஆயுசுக்கும் உடம்பில் எங்கேயும் அவசியமில்லாமல் ஊசி படக் கூடாது, வெட்டுப் படக் கூடாது, பச்சைகூடக் குத்திக்கொள்ளக் கூடாது. அப்பா, சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பச்சை குத்துவதைப் பற்றிச் சொன்ன டாக்டருக்குச் செடல் ஞாபகம் வரவில்லை. பாவம், அவர் எந்த ஊரோ. ஞாபகம் வந்தவர்கள் மூன்று பேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாத்திரை வேலை செய்தது. சித்தப்பாவின் முகம் பூரி மாதிரி உப்பியது. பசி தாங்காமல் என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். புண்ணின் ஓரம் உள்வாங்கி, சித்திரை வெயிலில் மூடி, சல்லடை மாதிரிப் பொடிப்பொடியாகக் குழி விழுந்த ஒரு தழும்பு மிஞ்சியது. மறுபடியும் பைக்கில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். மறுபடியும் கேட்டில் குனிந்து கேட்டார். எங்கள் வீட்டில் மாத்திரைக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. எல்லாப் புகழும் அம்மனுக்கே போனது. சித்தி வேண்டிக்கொண்ட பிறகுதானே அந்த டாக்டரே எங்கள் கண்ணில் பட்டார்?

அப்புறம் ஆடி வந்தது.

சித்திக்குத்தான் முதலில் பயம் பிடித்தது. அவள் தனியாகப் பூசாரியிடம் போய், வெள்ளியில் கால் செய்து வைக்கிறேன், இல்லையென்றால் அவருக்குப் பதிலாக நானே செடல் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். பூசாரி நல்ல மனுஷர்தான். ஆத்தா எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம், வீட்டில் கலந்து பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் கலந்து பேசினார்கள். அதுதான் வினை.

பங்காளிகள் எல்லாம் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் அடுப்படி வாசலில் நின்று, டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள். அப்பா சொன்னார், அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது அவர்கள் தொழில். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“கால்லதானே வியாதி? குத்தப்போறது முதுகுல. இத்தினி வருசத்துல அந்த முதுகு ஒரு வாட்டி சீழ் வெச்சிருக்குதா, சொல்லுங்க.”

வைத்ததில்லைதான். எல்லாருமே பார்த்த முதுகு. டாக்டர் ஊசி வேறு, ஆத்தா ஊசி வேறு என்றார் ஒரு பெரியப்பா. எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. காலில் அடிபட்டால் காலுக்குத்தானே மருந்து போடுகிறோம்?

இதையெல்லாம் சித்தப்பா டிவியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். டிவியில் சத்தத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, போட்டுர்லாம் அண்ணா என்றார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், வேண்டுதல் வைத்துவிட்டுத் தீர்க்காதவள் என்று சித்தியைத்தான் ஊர் பிய்த்துத் தின்றிருக்கும். அது அந்த ஹாலில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

காப்புக் கட்டியதும் விரதம். மத்தியானம் ஒருவேளைதான் சோறு. மாத்திரையோ காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. சாப்பாடே இல்லாதபோது சாப்பாட்டுக்குப் பின் எங்கே வரும்? கால்தான் ஆறிவிட்டதே என்று மாத்திரை டப்பாவை எடுத்து சாமி அலமாரியில், குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் வைத்தார்கள்.

திருவிழாவன்று அப்படி ஒரு கூட்டம். பிழைத்து வந்தவர் செடல் போடுகிறார் என்று பீர்க்கன்கரணையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். முதுகில் வழக்கமாக ஒரு வரிசை, அன்று இரண்டு. கொக்கி ஏறும்போது அவர் உடம்பு நடுங்கியது. முன்னெல்லாம் மரம் மாதிரி நிற்பார். கூட்டம் குலவையிட்டது. ஆத்தா இந்த வருஷம் முழுசாக இறங்கிவிட்டாள் என்றார்கள். கீழ்வரிசையில் ஒரு கொக்கியிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கியது. பூசாரி சட்டென்று மஞ்சளை வைத்து அழுத்திவிட்டார். சித்தப்பா வண்டியை இழுத்தார். மெயின் ரோட்டு வளைவில் இரண்டு முறை நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம், எங்க சித்தப்பா, எங்க சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே கூட ஓடினேன்.

கொக்கி ஏறிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நாளில் ஒரு பரு வந்தது. பரு உடைந்து புண். ஒவ்வொரு புண்ணைச் சுற்றியும் அந்தக் கரை. இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து சேர்ந்துகொண்டன. அப்புறம் முதுகு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. குப்புறத்தான் கிடந்தார். மின்விசிறிக் காற்றுக்கு அழுதார். அப்பா அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டார்.

மறுபடி அந்த டாக்டரிடம் கொண்டுபோனபோது அவர் வரிசையாக இருந்த புண்களைப் பார்த்து, இதென்ன என்று கேட்டார். அப்பா சொன்னார். வண்டி, கொக்கி, வேண்டுதல் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டிருந்த டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் திட்டவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்று மட்டும் சொன்னார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் இந்த நாள்வரை எந்தக் கூட்டத்திலும் அப்பா கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தமுறை பெரிய மருந்தாகக் கொடுத்தார்கள். அந்த வெள்ளை அணுக்களை அடக்கி உட்காரவைக்கிற மருந்து. அடங்கத்தான் செய்தன. கரை நின்றது. சித்தி சாமி அலமாரிக்கு மறுபடி விளக்கேற்ற ஆரம்பித்தாள். ஆனால் அவ்வளவு பெரிய புண் திறந்து கிடக்கிறது, காவலுக்கு ஆளில்லை. இப்போது நிஜமாகவே கிருமி வந்தது. ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அடைமழை பிடித்து, ஏரி மறுபடி நிரம்புகிறதா என்று ஊரே கரையில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் சித்தப்பா போய்விட்டார். அவரை மல்லாத்திக் கிடத்தியபோது, ஐயோ, முதுகு வலிக்குமே என்று நான் கத்தினேனாம். எனக்கு அது நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

குட்டி யானையை அப்பா விற்றுவிட்டார். சித்தி படப்பையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். விரதத்தில் அவள் ஏதோ தீட்டுப் பண்ணியிருக்கிறாள், அதனால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சு வரக் கூடாது என்றுதானே அந்த மனுஷர் முதுகைக் கொடுத்தார்? கொடுத்தும் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யாரிடம் கோபப்படுவது என்றே தெரிவதில்லை. எல்லாருமே அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்.

திருவிழாவன்று காலையில் நடந்த ஒன்றை மட்டும் நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஏதாவது இருக்கிறது என்றே அப்போது தோன்றவில்லை. குளித்துவிட்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு, சித்தப்பா வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் சட்டையை நான்தான் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பூசாரி கொக்கிகளை எலுமிச்சம்பழத்தில் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பம்பைக்காரர்கள் அப்போதுதான் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், இன்னும் அடி விழவில்லை. அப்பா ஸ்டியரிங்கில். சித்தி கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ. சித்தப்பா ஒரு கையை நீட்டி என் கையைப் பிடித்தார். அது சில்லென்று இருந்தது. அப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. என் உயரத்துக்குக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“பாப்பா, வூட்டுக்குப் போயிடலாமா?”

“போங்க சித்தப்பா” என்று வயிற்றில் ஒரு குத்து விட்டேன்.

வழக்கமாகக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. விரதமில்லையா, பசியில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.